பெரியவர் ஓடக் கூடாது

ஜனவரி 9

அத்தைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் எண்ணெய்த் தொட்டிகள்தான் தெரிகின்றன. வேலை எனக்குப் பழகியதுதான். ஹெல்மெட் போடாதவனைத் திட்ட வேண்டும், போட்டவனின் வார் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி என்று கதவில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் பெயருக்கு வந்திருப்பதைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது, நான் சொல்வதை உங்கள் மகன்தான் கேட்டு உங்களுக்குச் சொல்ல வேண்டும். மெசேஜ் அனுப்பினால் அதுவும் அவர் போனுக்குத்தான் போகிறது, அவர் பார்த்த பிறகுதான் உங்களுக்குக் காட்டுகிறார். அவருக்குத் தெரியாமல் உங்களிடம் ஒரு வார்த்தை பேச எனக்குத் தபால்காரர் தேவைப்படுகிறார்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். கராஜ் சாவியை அவரிடம் கொடுக்காதீர்கள். கெஞ்சினாலும் கோபித்தாலும் கொடுக்காதீர்கள். டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தானே இருந்தீர்கள்? வண்டி ஓட்டக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது, சுற்றுகிற மெஷின் பக்கம் போகக் கூடாது. போன மாதம் வலிப்பு வந்தபோது இரும்பு தீட்டும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் அவர் கை விழுந்திருந்தது. 

அவருடைய கிரேன் வேலை போனதற்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் அவர் உயிரோடு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கு அதுவே போதும்.

மருமகள்


ஜனவரி 21

மருமகளுக்கு,

டிரைவர் உன் கடிதத்தைச் செய்தித்தாளுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, என் கையில் திணித்துவிட்டுப் போனார். இந்த வயதில் எனக்குத் திருட்டுக் கடிதம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சாவியைக் கொடுத்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பூசி மெழுக வராது.

நீ போன பிறகு அவன் எப்படி இருந்தான் தெரியுமா? சோபாவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்வான். அப்படியே மத்தியானம் ஆகும். சாப்பிடு என்றால் சாப்பிடுவான், எழுந்திரு என்றால் எழுந்திருப்பான். போன செவ்வாய்க்கிழமை என் எதிரில் வந்து நின்றான். "அம்மா, துணி காஞ்சிருச்சான்னு போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டான். லாரி லாரியாக இரும்பைத் தூக்கி மாடிக்கு மேல் மாடியாக இறக்கி வைத்தவன், கொடியில் காயும் துணியைப் பார்க்க என்னிடம் அனுமதி கேட்கிறான். நான் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தேன்.

உயிரோடு இருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் போதும். அவனுக்குப் போதுமா என்று யார் கேட்டார்கள்?

இப்போது காலையில் எழுந்ததும் கராஜுக்குப் போகிறான். பெரியவருக்கு உடம்பு சரியில்லை, இன்ஜின் இறுகிவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை, கார்புரேட்டரில் அழுக்கு என்று என்னிடம் நோயாளியின் நிலைமையைச் சொல்வதுபோல் சொல்கிறான். எடைக்குப் போட இருந்த அந்தக் காரை அவன் வாங்கி வந்த அன்று, என் மகனைவிட இதற்கு வயது அதிகம், பெரியவர் என்றே கூப்பிடலாம் என்று நீதானே சிரித்துக்கொண்டு பெயர் வைத்தாய்?

கிரைண்டரின் வயரை நான் கத்திரிக்கோலால் வெட்டிவிட்டேன். பிளக் என் தலையணை உறைக்குள் இருக்கிறது. நான் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை.

அத்தை


ஜனவரி 30

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இங்கே ஆயிரம் பேருக்குக் கட்டளை போடுகிறேன். என் வீட்டில் ஒரு சாவி என் பேச்சைக் கேட்கவில்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இப்போது பூட்டினால் அவர் பூட்டை உடைப்பார் என்று எனக்கும் தெரியும். அதனால் நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் கை நீட்டக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. நல்ல கனமான ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். கழற்றின சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டியின் வயிற்றுக்குக் கீழே தள்ளிவிடச் சொல்லுங்கள். எல்லாம் கைவிட்டாலும் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல்தான் விழும், ஆள் மேல் விழாது.

தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே மரத்தூள் போட்டுப் பெருக்குங்கள். எண்ணெய்த் துணிகளை மூலையில் குவித்து வைக்காதீர்கள், அவை தாமாகவே சூடாகித் தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். மேஜையின் விளிம்புகளில் பழைய டியூபைச் சுற்றிக் கட்டுங்கள், விழுந்தால் தலை படும் இடம் அது. சுவரில் ஒரு பலகை அடித்து ஒவ்வொரு ஸ்பேனரையும் மாட்டி, அதைச் சுற்றிக் கோடு வரையச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பலகையைப் பார்த்தால் எது உள்ளே மறந்துபோய்க் கிடக்கிறது என்று தெரியும். நீங்கள் கூடவே உட்கார்ந்திருங்கள். நீங்கள் எழுந்தால் அவரும் வெளியே வர வேண்டும்.

இன்னொன்று. இதை யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன். பெரியவர் ஓடாதவரைக்கும் அது ஒரு பொழுதுபோக்கு. ஓட ஆரம்பித்த அன்றே உங்கள் மகன் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போவார், அவரைப் பற்றி நம் இருவருக்கும் தெரியாதா? ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே வலிப்பு வந்தால் போவது அவர் உயிர் மட்டும் இல்லை. தெருவில் போகும் யாரோ ஒருவரின் குழந்தையும் போகும்.

அதனால் பெரியவர் ஓடக் கூடாது. நான் மே மாதம் விடுமுறையில் வரும்வரையாவது. வேலை நடக்கட்டும், முடிய வேண்டாம். அவர் முடித்துவிட்டேன் என்று சொல்லும்போது ஏதாவது ஒரு சின்னச் சாமான் காணாமல் போகட்டும். முதலில் பேட்டரியிலிருந்து வண்டியின் பாடிக்குப் போகும் எர்த் வயர்.

நீங்கள் கொடுத்த சாவிக்கு நீங்கள்தான் பொறுப்பு.

மருமகள்


பிப்ரவரி 15

மருமகளுக்கு,

உன் உத்தரவுகளை நிறைவேற்றியாகிவிட்டது. மில்லில் என் மேனேஜர்கூட இவ்வளவு சொன்னதில்லை.

ஸ்டாண்டு வாங்க நானும் அவனும்தான் போனோம். கடைக்காரர் மெல்லியதாக ஒன்றை எடுத்துக் காட்டினார், நான் அதன் மேல் ஏறி நின்று பார்த்தேன். அவர் சிரித்தார். "காருக்கும்மா, உங்களுக்கு இல்ல" என்று சொன்னது அவர் உதட்டிலேயே தெரிந்தது. அத்தனை தறிகளின் இரைச்சலில் உதட்டைப் பார்த்தே வேலை வாங்கியவள் நான். காது போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. கனமான நான்கைக் கேட்டு வாங்கினேன்.

பஸ் டிரைவர் வந்து பலகை அடித்துக் கொடுத்தார். இவன் ஸ்பேனர்களை மாட்டி நீலச் சாக்கட்டியால் கோடு இழுத்தான். மணல் வாளி, தீயணைக்கும் சிலிண்டர், டப்பா எல்லாம் வந்துவிட்டன. காற்றடிக்கும் கம்ப்ரசரின் அடியில் ஒரு திருகு இருக்கிறது, தினமும் அதைத் திறந்து உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கிறேன். இல்லாவிட்டால் தொட்டி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து ஒருநாள் வெடிக்கும் என்று அவன் சொன்னான். அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. நீ வந்து பார்த்தால் அது நம் வீட்டுக் கராஜ் என்றே சொல்ல மாட்டாய், அவ்வளவு சுத்தம்.

நான் சமையலறைக் கதவுக்கு அருகில் நாற்காலி போட்டு அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படி. காதுதான் இல்லை, கண்ணாவது உழைக்கட்டும்.

அந்த இன்னொரு விஷயத்தையும் செய்தேன். அவன் குளிக்கப் போனபோது வயரைக் கழற்றித் தலையணைக்குள் வைத்துவிட்டேன். வந்தான், சாவியைத் திருப்பினான், ஒன்றும் நடக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். அரை நாள் தேடினான். நானும் கூடவே தேடினேன், மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். எனக்கு இவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று எனக்கே தெரியாது.

அன்று நன்றாகச் சாப்பிட்டான். அதையும் எழுதிவிடுகிறேன்.

அத்தை


பிப்ரவரி 24

அத்தைக்கு,

ஸ்டாண்டின் மேல் நீங்கள் ஏறி நின்றதை இங்கே எல்லாரிடமும் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு ஒருவர் அது சரியான சோதனைதான் என்றார்.

அடுத்து ரோட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு வட்டமான மூடி இருக்கும், அதிலிருந்து தடித்த வயர்கள் கிளம்பும். மூடியைத் திறந்தால் உள்ளே விரலளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று நிற்கும். கையால் இழுத்தாலே வந்துவிடும். அது இல்லாமல் இன்ஜின் பிடிக்காது, அவ்வளவுதான், வேறு ஆபத்து எதுவும் கிடையாது. நான் சொல்கிற சாமானை மட்டும் எடுங்கள் அத்தை. நீங்களாக எதையும் எடுக்க வேண்டாம்.

போனில் அவர் குரல் தெளிவாக இருக்கிறது. நேற்று ஒரு ஜோக்கூடச் சொன்னார். நாம் செய்வது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகள்


மார்ச் 4

மருமகளுக்கு,

ரோட்டரையும் எடுத்தேன். ஆனால் இதை நிறுத்த வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன்னிடம் போனில் ஜோக் சொல்கிறவன் இங்கே எப்படி இருக்கிறான் என்று உனக்குத் தெரியாது. வயர் காணாமல் போன பிறகு அவன் சின்னச் சின்னக் காகிதங்களில் எழுதி எல்லாவற்றின் மேலும் ஒட்ட ஆரம்பித்தான். ஸ்பார்க் பிளக் மாட்டியாச்சு. ஆயில் ஊத்தியாச்சு. கேபிள் கட்டியாச்சு. ஒவ்வொன்றிலும் தேதி. ரோட்டர் மாட்டியாச்சு என்றும் ஒன்று இருந்தது. மறுநாள் மூடியைத் திறந்தான். உள்ளே ரோட்டர் இல்லை, காகிதம் மட்டும் மேலே ஒட்டியிருந்தது. வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கையெழுத்துதான்.

பிறகு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நான் உதட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காக முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாகக் கேட்டான். "அம்மா, என் மூளை கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கா?"

இல்லடா என்றேன். வேறு என்ன சொல்வது? வலிப்பு வந்தவர்களுக்கு ஞாபகம் போகும் என்று எங்கேயோ படித்திருக்கிறானாம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அந்தச் சத்தியத்தையும் உடைத்துத்தான் எழுதுகிறேன். என் தலையணைக்குள் இத்தனையையும் வைத்துக்கொண்டு அதிலேயே தலைவைத்துப் படுக்கிறேனே, எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

போதும். எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சரி என்று ஒரு வரி எழுது.

அத்தை


மார்ச் 12

அத்தைக்கு,

முடியாது.

போன வாரம் இங்கே ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். பெல்ட் மாட்டியிருந்தார், கொக்கியை மாட்டவில்லை. அவர் மனைவியைக் கேட்டில் சந்தித்துச் சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். அவர் அழவில்லை. "காலையில அவருக்கு டிபன் பாக்ஸ் குடுத்தேனா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அந்த இடத்தில் நிற்க மாட்டேன் அத்தை. உங்களையும் நிற்க விட மாட்டேன்.

அவர் மனம் கஷ்டப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் கல் நெஞ்சா? மூளை போகிறது என்றே நினைத்துக்கொள்ளட்டும். அப்படி நினைத்தாலாவது ஸ்டீயரிங்கைத் தொடப் பயப்படுவார். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு உயிரோடு இருக்கட்டும். மே மாதம் வந்து நானே அவர் காலில் விழுந்து சொல்கிறேன்.

சாவியைக் கொடுத்தது நீங்கள். அன்று என் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று இது எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

மருமகள்


மார்ச் 19

மருமகளுக்கு,

உன் கடிதத்தில் முதல் வார்த்தையே போதுமானதாக இருந்தது. மீதியை நீ எழுதாமலே இருந்திருக்கலாம்.

நீ சொன்னபடியே நடக்கட்டும். உன் புருஷன், உன் திட்டம். ஆனால் உன் ரோட்டர் செல்லாக்காசாகிவிட்டது. பஸ் டிரைவர் பழைய இரும்புக் கடையில் இன்னொன்றைத் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்துவிட்டார். பாவம், அவருக்கு நம் கதை தெரியாது. நேற்று பெரியவர் கிளம்பிவிட்டார். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. மேஜையின் மேலிருந்த ஸ்க்ரூக்கள் எல்லாம் ஆட ஆரம்பித்தன, கராஜ் முழுக்கப் புகை, அவன் இறங்கி வந்து என்னைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டான். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஒரு சுற்று எடுத்துப் பார்க்கப் போகிறானாம். முதலில் நான்தான் பக்கத்தில் உட்கார வேண்டுமாம்.

உனக்கு எழுதிக் கேட்டு, நீ பதில் எழுதி, அது இங்கே வந்து சேர நேரம் இல்லை. அதனால் நானே ஒரு முடிவு எடுத்தேன். வயர், ரோட்டர் என்று எடுத்தால் கடையில் வாங்கிவிடுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத சாமானாக எடுக்க வேண்டும் என்று யோசித்தேன். முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே கிரீஸ் அடைத்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு பெரிய நட்டு, அதில் குறுக்காக ஒரு கம்பி, கொண்டை ஊசிபோல, முனை மடக்கி இருந்தது. கிரீஸ் போட்டாச்சு, பின் போட்டாச்சு என்று எழுதி ஒட்டிவிட்டுக் கை கழுவப் போனான். நான் குறட்டால் முனையை நிமிர்த்தி அதை உருவிவிட்டேன். திரும்பி வந்து மேலே ஒரு கிண்ணம்போன்ற மூடியை வைத்துத் தட்டி, சக்கரத்தையும் மாட்டிவிட்டான். காகிதம் சொல்லிவிட்டதே, பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

அது இல்லாமல் சக்கரம் சுற்றாது என்று நினைக்கிறேன். என் தலையணையில் இனி இடம் இல்லை, அதனால் இந்தக் கவரிலேயே வைத்து அனுப்புகிறேன். நீயே பத்திரமாக வைத்துக்கொள்.

அத்தை


மார்ச் 30

அத்தைக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து உங்களுக்குப் புரியுமோ என்னவோ. இங்கே ஞாயிற்றுக்கிழமைகூட வேலை உண்டு. உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்து காவலாளியின் மேஜையில் கிடந்திருக்கிறது. இன்று காலை கொடுத்தார். பிரித்தேன், அந்தப் பின் என் காலடியில் விழுந்தது. கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அத்தை, அது இல்லாவிட்டாலும் சக்கரம் சுற்றும். நன்றாகவே சுற்றும். அந்த நட்டு கழன்றுவிடாமல் பிடித்துவைக்கத்தான் அந்தப் பின். அது இல்லாமல் ஓட்டினால் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரம் கழன்று போகும். இன்றுதான் கடைசி ஞாயிறு.

வீட்டுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கராஜுக்குப் போனால் போனை ஹாலில் வைத்துவிட்டுத்தான் போவார், உங்களுக்கு மணி கேட்காது. யாருமே எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தேன். அப்புறம்தான் பஸ் டிரைவர் வீட்டு ஞாபகம் வந்தது. அவர் டியூட்டிக்குப் போயிருந்தார், அவர் மனைவி எடுத்தார். பெரியவர் ஷட்டரைத் தாண்டி வெளியே வந்துவிட்டார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னார். ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நில்லுங்கள், அவரைப் போனுக்குக் கூட்டிவாருங்கள் என்று கத்தினேன்.

உங்கள் மகன் எரிச்சலோடுதான் போனுக்கு வந்தார். முன்சக்கரத்தைக் கழற்றி, நட்டில் அந்தப் பின் இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சும்மா பாருங்கள் என்றேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் போட்டாச்சு. எழுதி ஒட்டியிருக்கேன். இந்தத் தடவை நான் எதையுமே மறக்கல" என்றார்.

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் அத்தை. அந்தச் சந்தோஷத்தை உடைக்காமல் அவரை நிறுத்த ஏதாவது ஒரு பொய் கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. நான் வெறுமனே பயப்படுகிறேன் என்றால் போனை வைத்துவிட்டுப் போய் வண்டியை எடுத்துவிடுவார்.

"அந்தப் பின் என் கையில இருக்கு" என்றேன்.

 அப்போ வயரும் நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரோட்டருமா என்று கேட்டார். ஆமாம். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டம் என்னுடையது, உங்களைச் செய்யவைத்தது நான் என்பதையும் சொன்னேன். போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

நீங்கள் அதே வண்டியில், அந்தச் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தீர்கள். நான் அன்று சரி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நீங்கள் கேட்டது அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். விடுமுறையை முன்னால் தள்ளிக் கேட்டிருக்கிறேன்.

மருமகள்


ஏப்ரல் 7

மருமகளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அவனும் உயிரோடு இருக்கிறான். முதலில் அதைப் படித்துக்கொள்.

பக்கத்து வீட்டம்மா பாத்திரம் கழுவின ஈரக் கையோடு ஓடிவந்து வண்டிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்து, இவளுக்கு என்ன ஆயிற்று என்று சிரித்தேன். அவன் இறங்கிப் போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன், எனக்குப் புரிந்துவிட்டது. என்னைக் கைபிடித்து இறக்கினான். அவன் கை சில்லென்று இருந்தது.

வண்டியைக் கையால் தள்ளி உள்ளே கொண்டுபோனான். மரக்கட்டை வைத்தான், ஜாக்கி போட்டான், ஸ்டாண்டு வைத்தான், சக்கரத்தைக் கழற்றி வண்டிக்கு அடியில் தள்ளினான். அந்த நிலையிலும் நீ சொன்ன ஒழுங்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. மூடியை நெம்பி எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். அந்தப் பெரிய நட்டை ஒற்றை விரலால் சுற்றிக் காட்டினான். ஷட்டரிலிருந்து கேட்வரைதான் போயிருந்தோம். அந்தப் பின் மட்டும் இருந்திருந்தால் அது அசைந்தே இருக்காதாம். 

நான் உள்ளே போய்த் தலையணை உறையைக் கொண்டுவந்து சமையலறைத் தரையில் கொட்டினேன். கிரைண்டர் பிளக், வயர், ரோட்டர். அவன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். பிறகு முகத்தைத் தூக்கி என்னிடம் ஏதோ கேட்டான். நான் உதட்டைப் படித்தேன், ஆனால் சரியாகத்தான் படித்தேனா என்று நம்பிக்கை இல்லை. இன்னொரு தடவை சொல்லு என்றேன்.

"அப்போ என் தலை நல்லாத்தான் இருக்கா?"

ஆமாண்டா, நல்லாத்தான் இருக்கு என்றேன். அவன் அழுதான். சிரித்தான். ரோட்டரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துப் பார்த்துச் சிரித்தான். வேலை போனதற்கு அவன் அழவில்லை, இதற்கு அழுதான். நம்மை மன்னித்துவிட்டான் என்றே நினைத்தேன். மடச்சி.

எழுந்துபோய் அந்தக் காகிதங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கிழித்தான். திரும்பி வந்து கதவருகில் நின்று, நான் பார்க்கிறேனா என்று உறுதிசெய்துகொண்டு சொன்னான். "இனிமே நீங்க ரெண்டு பேரும் இதுக்குள்ள வரக் கூடாது." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றே உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்துவிட்டான். ஷட்டரையும் உள்ளேயே பூட்டிக்கொள்கிறான். காலையில் போகிறான், சாப்பாட்டுக்கு வருகிறான், மறுபடியும் போய்விடுகிறான். என்னோடு பேச்சு இல்லை.

எதற்குப் பயந்து இத்தனையும் செய்தோமோ அதையே நம் கையால் செய்து வைத்திருக்கிறோம், பார்த்தாயா? வலிப்புள்ளவன் பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியாக இருக்கிறான். வெளியே நான் ஒரு செவிடி. விழுந்தால் எனக்குக் கேட்காது. கூப்பிட்டாலும் கேட்காது.

அதனால் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் சுத்தியலால் அடித்தால் கையில் தெரிகிறது. அரம் போட்டால் அதுவும் தெரிகிறது, மெல்லிய நமைச்சல்போல. நேற்று முன்தினம் திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்தேன். ஒன்றும் இல்லை. கதவைத் தள்ளினேன், அசையவில்லை. பஸ் டிரைவரைக் கூப்பிட்டுக் கதவை உடைத்துவிடலாம் என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது கதவின் அந்தப் பக்கத்திலிருந்து, சரியாக என் கை இருந்த இடத்தில், இரண்டு தட்டு.

நான் இங்கே உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போதெல்லாம் வேலையை நிறுத்தினால் வந்து தட்டிவிட்டுப் போகிறான். கதவைத் திறப்பதில்லை, தட்டு மட்டும்தான்.

ஒன்று யோசித்தேன். வண்டியை ஓட்டாதே என்று நாம் இருவரும் அவனிடம் நேராக ஒரு தடவையாவது சொன்னோமா? டாக்டரைச் சொல்ல விட்டோம். சாவியைச் சொல்ல விட்டோம். காணாமல் போன சாமான்களைச் சொல்ல விட்டோம். அவன் என்ன பதில் சொல்வானோ என்று பயந்து நாம் கேட்கவே இல்லை. நீ வந்து கேள். நான் உன் பக்கத்தில் நின்று அவன் உதட்டைப் பார்க்கிறேன். என்ன சொன்னாலும் அதுதான் பதில்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. உனக்கும் என் மேல் இருக்கும், இருக்கட்டும். அவன் திறக்கும்வரை என் ஒருத்தியின் கை போதாது, மாற்றி மாற்றி வைக்க ஆள் வேண்டும். சீக்கிரம் வா. கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.

அத்தை